உயில், நாமினி, மருத்துவக் காகிதம்: எங்கள் இருவருக்கும் எழுதிக் கொடுத்த வக்கீலம்மா

கட்டணம் 18,000 ரூபாய். முதல் நாள் ஐயாயிரம், மீதி எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகு. அதற்கு எங்களுக்குக் கிடைத்தது ஆளுக்கொரு உயில், ஆளுக்கொரு முன்கூட்டிய மருத்துவ உத்தரவு, மனநலச் சிகிச்சைக்கான பிரதிநிதி நியமனம், பேங்க், பி.எஃப்., இன்சூரன்ஸ் மூன்றிலும் நாமினி மாற்ற வழிகாட்டல், அத்தனையையும் வரிசையாகக் கோத்த ஒரு நீலக் கோப்பு. பதிவுக் கட்டணமும் நோட்டரி செலவும் தனி. 2025 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைக்கும் ஐந்து நடை திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் போய் வந்தோம். கொடுத்த பணத்துக்கு மேலேயே வேலை நடந்திருக்கிறது. குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வக்கீலம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. நான் கேட்டேன், அவர் வேண்டாம் என்றார். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், இணையதளங்கள் வக்கீல்களைப் பட்டியல் போட்டு, மதிப்பெண் கொடுத்து ஆள் பிடித்துத் தருவது செல்லாது என்று சொல்லியிருக்கிறது. அதனால் பெயரும் இல்லை, ஸ்டாரும் இல்லை. அவர் செய்த வேலை என்ன என்று தெரிந்தால் உங்கள் ஊர் வக்கீலிடம் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் பெண்கள். 2007லிருந்து ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்குச் சொந்தமாக, துணி தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட் இருக்கிறது, எட்டு மெஷின். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். 2016ல் வாங்கிய வீடு அவள் பெயரில் இருக்கிறது, லோனில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. வீதியில் எங்களை அக்கா தங்கச்சி என்பார்கள். என்னைவிட அவள் மூன்று வயது மூத்தவள். வெளியே நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கதவைச் சாத்தினால் பெயர் சொல்லுவேன். அவளுக்கு நான் எங்கேயும் கண்ணுதான்.

எங்கள் வீட்டுக்குள் கோர்ட்டுத் தீர்ப்பு முதல்முதலாக நுழைந்தது 2014 ஜனவரியில். இயற்கைக்கு மாறான உறவு என்று சொல்லித் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, சம்மதத்தோடு சேர்ந்திருக்கும் வயது வந்தவர்களுக்குப் பொருந்தாது என்று 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது எங்கள் காதுக்கு வந்ததே இல்லை. 2013 டிசம்பர் 11 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறுபடியும் குற்றம்தான் என்றது. அது மட்டும் நன்றாகவே வந்து சேர்ந்தது. அவளுடைய அண்ணன் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஆயுள் தண்டனை வரைக்கும் இருக்குது, தெரியுமா உங்களுக்கு?" என்று அதை எடுத்து எங்கள் முன்னால் விரித்தார். வெள்ளைக்காரன் 1860ல் எழுதிய சட்டம் தாராபுரத்துக்காரர் ஒருவரின் சட்டைப்பையில் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. தனித்தனியாக இருந்துகொள்கிறோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் நான் ஹாஸ்டலில் தங்கினேன்.

இந்தக் கதையைச் சொன்னபோது வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். 377ன் வாசகம் இரண்டு பெண்களுக்குப் பொருந்துமா என்பதே சட்டத்தில் தெளிவில்லாத விஷயமாகத்தான் இருந்தது என்றார் பிறகு. "ஆனா அந்தத் தெளிவு அந்தப் பெஞ்சுல உங்களுக்கு எதுக்குங்க உதவியிருக்கும்?" என்றும் அவரே சொன்னார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

2018 செப்டம்பர் 6, வியாழக்கிழமை. டேபிளில் டி-ஷர்ட்டுகளுக்கு நூல் கத்தரித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்திதான் போனில் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு அது வெறும் செய்தி. சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், ஒருவர்கூட மாறுபடவில்லை. வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில், யூனிட்டில் இருந்த என்னவளுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "இனிமே அண்ணன் அந்தப் பேப்பரை எடுத்துக் காட்ட முடியாதில்ல கண்ணு?" என்றாள். முடியாது என்றேன். அந்தத் தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதியிருப்பதை வக்கீலம்மா தான் படித்துக் காட்டினார். தீர்ப்பைப் பரவலாக விளம்பரப்படுத்த வேண்டும், போலீசாருக்கு வகுப்பு எடுக்க வேண்டும் என்று நீதிபதி நாரிமன் அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறாராம். ஏழு வருஷத்தில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு போஸ்டரையும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எத்தனை வீட்டில் எத்தனை பேர் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

பயம் போயிற்று. ஆனால் அதற்குமேல் எதுவும் வரவில்லை என்பது 2022ல் தெரிந்தது. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு என்று சொல்லி, பச்சை கவுன் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். சம்மதப் படிவத்தில் "நீங்க யாருங்க?" என்றார்கள். கூடவே இருக்கிறேன் என்றேன். ரத்த சொந்தம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதே அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். அவர் தாராபுரத்திலிருந்து வந்து கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று. அதுவரை அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். அன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தோம்.

2024ல் ஒரு ஆள் கிடைத்தார். நாற்பதாயிரம் கொடுத்தால் நோட்டரி முத்திரையோடு கல்யாணப் பத்திரம் போட்டுத் தருகிறேன், எல்லா இடத்திலும் செல்லும் என்றார். நல்லவேளை, அப்போது கையில் பணம் இல்லை. பிறகு 2025 மே மாதம் பேப்பரில் ஒரு செய்தி. வேலூர்ப் பக்கம் ஒரு பெண்ணை அவள் வீட்டார் அடைத்து வைத்திருந்த வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவளை அவள் விருப்பப்படி போக விட்டார்கள். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் குடும்பமே என்று எழுதியிருந்தார்கள். அந்தத் துண்டை வெட்டி வைத்தேன். எங்கள் யூனிட்டுக்கு ஜி.எஸ்.டி. பார்க்கும் ஆடிட்டர் மூலம் வக்கீலம்மாவின் நம்பர் கிடைத்தது.

முதல் நாள் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அதில் பாதி நேரம் என்னென்ன கிடைக்காது என்பதைத்தான் சொன்னார். அவருடைய வேலையில் நான் முதலில் மெச்சுவது இதைத்தான். கல்யாணப் பதிவு கிடைக்காது. 2023 அக்டோபர் 17 அன்று, எங்களைப் போன்றவர்களின் கல்யாணம் பற்றிய சுப்ரியோ வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கல்யாணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள். கல்யாணமாக இல்லாவிட்டாலும் ஒரு இணைப்பாகவாவது அங்கீகரிக்க வேண்டும் என்றவர்கள் சந்திரசூட், கவுல் இருவர் மட்டும். மூன்று பேர் மறுத்தார்கள். சீராய்வு மனுவும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. "யாராவது பத்திரம் போட்டுத் தர்றேன்னு சொன்னா பணம் குடுத்துராதீங்க" என்றார். எங்கள் இருவருக்கும் முகம் சுண்டிப் போனது. ஆனால் நாற்பதாயிரம் மிச்சம் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்ததாக ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக எழுதிக் காட்டினார். இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 15. உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் அவள் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அப்புறம் தாய் தகப்பனுக்கு. அப்புறம் தகப்பனின் வாரிசுகளுக்கு. கடைசியாகத் தாயின் வாரிசுகளுக்கு. அவளுக்குக் கல்யாணம் இல்லை, தாய் தகப்பன் இல்லை. அப்படியானால் வீடு நேராக அண்ணனுக்கு. கல்யாணமே ஆகாத பெண்ணுக்கும் கணவன் வீட்டாருக்கு அதில் இடம் இருக்கிறது, எனக்கு மேலிருந்து கீழே வரை எங்கேயும் இல்லை. ஒன்பது வருஷமாக நான் கட்டிய பாதி இ.எம்.ஐ. அந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

உயில் எழுதிய நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது நடை அது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வக்கீலம்மா என்னைப் பார்த்து, "அம்மிணி, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் வெளியேவா என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும், எழுந்து கதவு வரைக்கும் வந்து விளக்கினார். உயில் எழுதும்போது சொத்தைப் பெறப் போகிறவர் கூடவே இருந்து, சொல்லிக் கொடுத்து, முன்னின்று நடத்தினால், பிற்பாடு வழக்கு வரும்போது அதைச் சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை என்று கோர்ட் பார்க்குமாம். 1959லிருந்து சுப்ரீம் கோர்ட் சொல்லி வருகிற விஷயம். "கூடப்பிறந்தவர் இருக்கறப்ப வேற ஒருத்தருக்கு எழுதுற உயில் இது. கண்டிப்பா கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு இன்னைக்கே பதில் எழுதி வைக்கறோம். நீங்க வெளியே இருந்தீங்கங்கறதும் ஒரு பதில்தானுங்க."

கீழே இறங்கி எதிர்ச் சந்து டீக்கடையில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அவள் மட்டும் உள்ளே. அண்ணனுக்கு ஏன் இல்லை என்பதைக் காரணத்தோடு எழுதச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகள் படிப்புக்கு இவள் கொடுத்த பணம், பூர்வீகக் காட்டில் தன் பங்கை 2010ல் அவருக்கே விட்டுக்கொடுத்தது எல்லாம் உயிலிலேயே இருக்கிறது. அவளுடைய புத்தி தெளிவாக இருக்கிறது என்று அன்றைய தேதியில் டாக்டர் சான்று. சாட்சி இரண்டு பேர், எங்கள் இருவரையும்விட வயதில் சிறியவர்கள். சாட்சிக்கு நாளைக்கு ஒரு அவசியம் வரும்போது அவர் உயிரோடு இருக்க வேண்டுமே. அவர்களுக்கும் சொத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்பது வக்கீலம்மாவின் நிபந்தனை. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை, கையெழுத்துப் போட்டதைப் பார்த்தால் போதும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. என் உயிலுக்கு அவளை வெளியே அனுப்பினார். அவளும் அதே டீக்கடையில் உட்கார்ந்தாள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை. எங்கள் விஷயத்தில் பதிவு செய்வதுதான் நல்லது என்றார்.

பதிவுக்கு முன்னால் வரைவைப் படித்துக் காட்டினார்கள். டைப் அடித்த தம்பி என்னை "எனது தோழி" என்று போட்டிருந்தார். அவள் உடனே, இது என்ன என்று கேட்டாள். வக்கீலம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். தோழி என்று போட்டாலும் உயில் செல்லும், இணையர் என்று போட்டாலும் செல்லும், எதுவுமே போடாமல் பெயரும் ஆதார் எண்ணும் மட்டும் போட்டாலும் செல்லும். யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. எந்தச் சொல் என்பது சட்டத்தின் கேள்வி இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை நாலு பேர் படிப்பார்கள், சாட்சிகள் கண்ணிலும் படலாம், நாளைக்கு அண்ணனும் படிப்பார். அதையெல்லாம் யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார்.

அவள் அவசரப்படவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்த காகிதத்துலயும் தோழின்னுதானுங்க போட்டாங்க. அது வேண்டாம். வாழ்க்கை இணையர்னே போட்டுருங்க."

இப்போது கோப்பில் இருக்கும் உயிலின் முதல் பக்கம், ஆறாவது வரியில் அது இருக்கிறது. என்னை அவளுடைய ஆள் என்று சொல்லும் முதல் எழுத்து. 2022ல் தமிழ்நாடு அரசு எங்களைப் போன்றவர்களைக் குறிக்க மரியாதையான சொற்களைப் பட்டியலிட்டு அரசிதழில் வெளியிட்டது, உயர் நீதிமன்றம் கேட்டுக் கேட்டு வந்த பட்டியல் அது. அதன் நகலையும் கோப்பில் வைத்திருக்கிறார். அந்தச் சொற்களெல்லாம் வேண்டியவைதான். எனக்கு இந்த ஆறாவது வரி போதும்.

மருத்துவக் காகிதத்தில் அவர் எங்களை இன்னும் ஜாக்கிரதைப்படுத்தினார். முதலில் 2022 கதையைக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு அண்ணன் கையெழுத்தே தேவையில்லைங்க" என்றார். வயது வந்தவர், நினைவோடு இருப்பவர், அவர் சம்மதம்தான் சட்டப்படி சம்மதம். 2008ல் சமீரா கோலி வழக்கில் இதே கர்ப்பப்பை விஷயம்தான். அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தபோது அவள் அம்மாவிடம் சம்மதம் வாங்கி அகற்றிவிட்டார்கள். அம்மா கொடுத்த சம்மதம் செல்லாது என்றது சுப்ரீம் கோர்ட். அன்றைக்கு எட்டு மணிக்கே அவள் தானே கையெழுத்துப் போட்டு உள்ளே போயிருக்கலாம். ஏழு மணி நேரம் அவள் நாக்கு வறண்டு கிடந்ததற்குச் சட்டம் காரணமில்லை, ஆஸ்பத்திரிப் பழக்கம்தான் காரணம் என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் இரண்டு பக்கம் இப்போது கோப்பில் இருக்கிறது.

நினைவு தப்பிவிட்டால்? அதற்குப் பவர் பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்றேன். இங்கேயும் பொய் நம்பிக்கை தரவில்லை. எழுதிக் கொடுத்தவருக்குச் சுயபுத்தி இல்லாமல் போனால் நம் நாட்டில் பவரும் அத்தோடு முடிந்துவிடும், சரியாகத் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது என்றார். இருப்பது முன்கூட்டிய மருத்துவ உத்தரவு. 2018ல் சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது, 2023 ஜனவரியில் எளிதாக்கியது. முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும், இப்போது இரண்டு சாட்சியும் ஒரு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். ஆனால் அது பிழைக்க வழியில்லாத நிலையில் செயற்கைச் சிகிச்சையைத் தொடரலாமா வேண்டாமா என்பதற்கு மட்டும்தான். மனநலச் சிகிச்சைச் சட்டம் 2017 தான் எங்களுக்குத் தாராளம். நமக்குப் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ரத்த சொந்தமாக இருக்க வேண்டியதே இல்லை. அதையும் எழுதி வைத்தோம். இத்தனைக்கும் நடுவில், தலையில் அடிபட்டு நினைவில்லாமல் ஒருத்தி கிடந்தால் மற்றவள் என்ன செய்வாள் என்ற இடம் அப்படியே திறந்து கிடக்கிறது. அதை அடைக்க அவரிடமும் காகிதம் இல்லை. பர்ஸில் வைக்க ஒரு சிறிய அட்டை மட்டும் போட்டுத் தந்தார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று.

பேங்கில் வேலை சுலபமாக முடிந்தது, ஆனால் பேச்சு சுலபமாக இல்லை. ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கவும் இணையரை நாமினியாகப் போடவும் எங்களைப் போன்றவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை என்று 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்தத் தாளை வக்கீலம்மா கொடுத்து அனுப்பியிருந்தார். மேனேஜர் படித்துவிட்டு, "அக்கா தங்கச்சின்னே போட்டுக்கலாமே, எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பொய்யாக உறவு போட்டால் நாளைக்கு அதை வைத்தே கணக்கைக் கேள்வி கேட்பார்கள் என்று வக்கீலம்மா சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். "மற்றவை" என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பினார். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போனால் எஞ்சியிருப்பவருக்கு என்ற முறையில் கணக்கு. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்று வந்துவிட்டதால் அதையும் ஒரே நடையில் முடித்தோம்.

நாமினி என்றால் சொத்துக்கு உரிமையாளர் இல்லை, வாங்கி வைத்துக்கொள்ளும் ஆள் மட்டும்தான் என்பதை அவர் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். மியூச்சுவல் ஃபண்ட், ஷேருக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில் கணவன், மனைவி, பிள்ளை, தாய் தகப்பன் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று 2015ல் திருத்தம் வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நாங்கள் இல்லை. அதனால் பாலிசி நம்பர், ஃபண்ட் நம்பர் எல்லாம் உயிலுக்குள்ளும் ஏறியது. என் பி.எஃப்.புக்கு நிலைமை வேறு. குடும்பம் என்று சட்டம் சொல்கிற ஆட்கள் யாரும் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம். என் அம்மா அப்பா காலமாகிவிட்டதால் அவள் பெயரைப் போட முடிந்தது. அம்மா இருந்திருந்தால் முடிந்திருக்காதே என்பதை நினைத்துக்கொண்டுதான் அந்தப் படிவத்தை நிரப்பினேன்.

கோப்பின் கடைசிப் பகுதி போலீஸ் வந்தால் காட்ட. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவு, பிறகு 2022ல் போலீஸ் நடத்தை விதிகளில் சேர்த்த 24-சி. எங்களைப் போன்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதியாகவே இருக்கிறது. அந்த நீதிபதி, தனக்கு இதைப் பற்றி முழுசாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினாராம். அதே வழக்கில்தான் 2023 நவம்பரில், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் குடும்பப் பிணைப்புப் பத்திரம் பதிவு செய்துகொள்ள வழி செய்யலாமே என்று அரசை யோசிக்கச் சொன்னார். அது எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டேன். வக்கீலம்மா மறுத்துவிட்டார். அதற்கென்று சட்டம் வராமல் எழுதினால் வெறும் காகிதம், அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். சட்டம் வந்தால் முதலில் எங்களுக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி குறைகள். ஆபீஸ் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் முட்டி வலியோடு ஐந்து தடவையும் ஏறினாள். கோர்ட் நேரத்தில் போனை எடுக்க மாட்டார், அது நியாயம். ஆனால் திரும்பக் கூப்பிடவும் இரண்டு நாள் ஆகும். வரைவு முதலில் இங்கிலீஷில் வந்தது, தமிழில் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் மாற்றினார்கள். மாற்றிய தமிழும் "மேற்படி", "ஷை" என்று பழைய பத்திரத் தமிழ். எங்களைப் போன்ற இணையர்களுக்கு எழுதுகிறவர் படித்தால் புரியும் தமிழில் எழுத வேண்டும். முதல் தடவை கொடுத்த ஐயாயிரத்துக்கு ரசீது கேட்டுத்தான் வாங்கினேன். நடை ஐந்தை மூன்றாகக் குறைத்திருக்கலாம் என்பதும் என் எண்ணம். ஒரு நாள் சம்பளம் போனால் எனக்குப் பெரிசு.

பதிவு நாளில் அவர் கூடவே வந்தார். போட்டோ, கைரேகை, சாட்சிகளின் ஆதார். கிளார்க் உயிலைப் புரட்டிக்கொண்டே வந்து ஆறாவது வரியில் நின்றார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். என் நெஞ்சு அடித்த அடியில் 2014 பெஞ்சு கண் முன்னால் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டாம்ப் பேடை எடுத்தார். வெளியே வந்தபோது வக்கீலம்மா அவளிடம், "முட்டிக்கு யாருங்க பாக்கறாங்க?" என்று கேட்டார். நல்ல எலும்பு டாக்டர் நம்பர் ஒன்றும் கொடுத்தார்.

ரேஷன் கார்டு மட்டும் பாக்கி. இணையர்களை ஒரே குடும்பமாகக் கணக்கில் எடுக்கும்படி 2024ல் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. தாலுகா ஆபீசுக்குப் பொங்கல் கழித்துப் போகலாம் என்றிருக்கிறோம்.

இப்படி ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டுப் பத்திரத்தின் நகல், எல்லா பாலிசி நம்பரும், பி.எஃப். யு.ஏ.என். நம்பரும் எடுத்துப் போங்கள். நான் பி.எஃப். நம்பரை மறந்து போய் ஒரு நடை வீணானது. உங்களைவிட வயதில் சிறிய, வாய் இறுக்கமான சாட்சி இருவரை இப்போதே யோசித்து வையுங்கள். ஒருவர் உயில் சொல்லும்போது மற்றவரை வெளியே போகச் சொல்வார்கள். மனசு கஷ்டப்படாமல் போய் உட்காருங்கள்.

கோயம்புத்தூரில் என்றால் எதிர்ச் சந்தில் டீக்கடை இருக்கிறது. பருப்பு வடை பன்னிரண்டு மணிக்கு மேல்தான் போடுகிறார்கள்.